கருமையான சருமத்துக்கு எந்த பிரவுன் ஹேர் கலர் பொருந்தும்? பாக்ஸ் வாங்கும் முன் இதைப் படிங்க!

சூப்பர் மார்க்கெட்டில் ஹேர் கலர் அடுக்கியிருக்கும் அலமாரி முன்னால் பத்து நிமிஷம் நின்றவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரியும். டார்க் பிரவுன், செஸ்ட்நட், மஹோகனி, கேரமல், ஹனி என்று வரிசையாகப் பெயர்கள். பெரும்பாலான பாக்ஸ்களில் சிவந்த நிறத்தில் ஒரு மாடல் சிரித்துக்கொண்டிருப்பார். "நம்ம கலருக்கு இதெல்லாம் செட் ஆகுமா?" என்று யோசித்துவிட்டு, வழக்கமான கறுப்பு டையையே எடுத்துக்கொண்டு வீடு திரும்புபவர்களும் உண்டு.

துணிந்து வாங்கிப் போட்டவர்களின் புகார் வேறு மாதிரி. "பாக்ஸ்ல இருந்த கலர் வரவே இல்ல", "வேர்ப் பக்கம் மட்டும் ஆரஞ்சாகிடுச்சு", "ரெண்டு நாள் கழிச்சு முகமே வீங்கிடுச்சு".

இந்த மூன்று பிரச்னைக்கும் சருமத்தின் கருமை காரணம் இல்லை. தவறான ஷேட், தவறான லெவல், செய்யாமல் விட்ட ஒரு சின்ன டெஸ்ட். இவைதான் காரணம். சரி, எதை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'கறுப்பா இருந்தா கலர் எடுக்காது' என்பது உண்மையா?

இல்லை. ஒரு ஹேர் கலர் முகத்துக்கு எடுக்குமா என்பதை முடிவு செய்வது மூன்று விஷயங்கள். சருமத்தின் அடிநிறம், முகத்துக்கும் முடிக்கும் இடையே உள்ள நிற வித்தியாசம், முடி இப்போது இருக்கும் நிலை. சருமம் எவ்வளவு கருமை என்பது இதில் ஒரு பகுதி மட்டுமே.

'கருமை' என்பதும் ஒரே நிறம் கிடையாது. தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் சருமத்தை 6 வகையாகப் பிரிக்கிறது. கருமையான நிறங்களைக் காட்ட இது போதவில்லை என்பதால், சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் உருவாக்கிய 10 நிற அளவுகோலை கூகுள் நிறுவனம் 2022-ல் வெளியிட்டது. மாநிறம், கோதுமை நிறம், கருஞ்சிவப்பு, நல்ல கறுப்பு என்று நம் வீடுகளிலேயே எத்தனை வகை! ஒரே வீட்டில் அக்காவுக்குப் பொருந்தும் கலர் தங்கைக்குப் பொருந்தாமல் போகலாம்.

நிறம் பற்றிய பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-ல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரத்தைத் தொடங்கியது. 2020-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம், பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. ஆனாலும் ஹேர் கலர் வாங்கப் போகும்போது மட்டும் பழைய தயக்கம் எட்டிப் பார்க்கிறது.

'வார்ம் பிரவுன்' என்றால் என்ன?

பிரவுன் நிறத்தில் இரண்டு கட்சி உண்டு. தங்கம், செம்பு, சிவப்பு சாயல் கலந்தது வார்ம் பிரவுன். சாம்பல், நீலச் சாயல் கலந்தது கூல் பிரவுன். கடைகளில் 'ஆஷ் பிரவுன்' என்று விற்பது இந்த இரண்டாவது வகை.

எளிதாகச் சொன்னால் கருப்பட்டி, புளியங்கொட்டை, அச்சு வெல்லம், கடலை மிட்டாய், டிகாக்‌ஷன் கூடுதலாக விட்ட ஃபில்டர் காபி எல்லாமே வார்ம் பிரவுன்தான். அடுப்புச் சாம்பல் பூத்த விறகின் நிறம் ஆஷ் பிரவுன்.

கருமையான சருமத்தில் பொதுவாகத் தங்கச் சாயலோ செஞ்சாயலோ இருக்கும். முடியிலும் அதே சாயல் வரும்போது முகம் பளிச்சென்று தெரியும். ஆஷ் பிரவுன் போட்டால் சிலருக்கு முகம் சோர்ந்து, வெளிறியது போலத் தோன்றுவது இதனால்தான்.

நம்ம முடிக்கு வார்ம் பிரவுன் வசதி. ஏன்?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. வார்ம் பிரவுன் சருமத்துக்கு மட்டுமல்ல, கறுப்பு முடிக்கும் ஒத்துவரும்.

முடிக்குக் கறுப்பு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. பெர்மனன்ட் ஹேர் கலரில் இரண்டு பொருட்கள் சேர்ந்து வேலை செய்யும். அம்மோனியா போன்ற காரப் பொருள் முடியின் மேல் செதில்களைத் திறக்கும். டெவலப்பரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போய் மெலனினை வெளுக்கச் செய்யும். அந்த இடத்தில் புது நிறம் உருவாகும்.

கறுப்பு முடி வெளுக்கும்போது நேராக மஞ்சளாவதில்லை. முதலில் அடர் சிவப்பு, அடுத்து செம்மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில்தான் மஞ்சள். அதாவது நம் முடிக்குள்ளேயே சிவப்பும் செம்பும் ஒளிந்திருக்கின்றன.

வார்ம் பிரவுன் கலர் இந்தச் சிவப்பைத் துணைக்கு வைத்துக்கொள்ளும். அதனால் முடியை அதிகம் வெளுக்கத் தேவையில்லை, பாதிப்பும் குறைவு. சில வாரங்களில் கலர் மங்கினாலும் பிரவுனாகவே மங்கும். ஆஷ் கலருக்கு இந்தச் சிவப்பை அடக்க வேண்டியிருக்கும். மங்கத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் ஆரஞ்சு வெளியே வந்துவிடும். 'பித்தளை மாதிரி ஆகிடுச்சு' என்று பலர் சொல்வது இதைத்தான்.

பாக்ஸில் இருக்கும் எண்ணைப் படிப்பது எப்படி?

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் 'சாக்லேட்' இன்னொரு நிறுவனத்தின் 'செஸ்ட்நட்' ஆக இருக்கலாம். எண் அவ்வளவாக ஏமாற்றாது.

புள்ளிக்கு முன்னால் உள்ள எண் லெவல். அதாவது எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்ற அளவு.

1 - கறுப்பு
2 - கறுப்பை ஒட்டிய மிக அடர் பிரவுன்
3 - டார்க் பிரவுன்
4 - மீடியம் பிரவுன்
5 - லைட் பிரவுன்
6, 7 - பிரவுனைத் தாண்டி பிளாண்ட் பக்கம் போகும் நிறங்கள்
8 முதல் 10 - வெளிர் பிளாண்ட்

புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் சாயல். பல நிறுவனங்களில் .1 என்றால் ஆஷ், .3 என்றால் கோல்டு, .4 என்றால் காப்பர், .5 என்றால் மஹோகனி, .6 என்றால் சிவப்பு. உதாரணத்துக்கு 5.3 என்றால் கோல்டு சாயல் உள்ள லைட் பிரவுன். 4.5 என்றால் மஹோகனி சாயல் உள்ள மீடியம் பிரவுன். இரண்டு எண் இருந்தால் முதலில் வருவது முதன்மைச் சாயல், அடுத்தது துணைச் சாயல். சில நிறுவனங்கள் புள்ளியை எடுத்துவிட்டு 535 என்று சேர்த்தே எழுதும். அதை 5.35 என்று படிக்க வேண்டும்.

சாயல் எண்களில் நிறுவனத்துக்கு நிறுவனம் சின்ன மாற்றம் இருக்கும். அதனால் பாக்ஸின் பின்பக்கம் உள்ள ஷேட் அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் அடிநிறம் என்ன? வீட்டிலேயே பார்க்கலாம்

சருமத்தின் மேலே தெரிவது நிறம். அதற்கு அடியில் லேசாகத் தெரியும் சாயல் அடிநிறம். பார்லரில் இதை 'அண்டர்டோன்' என்பார்கள். 'மணிக்கட்டு நரம்பு பச்சையா, நீலமா பாருங்க' என்ற டிப்ஸ் இணையம் முழுக்க இருக்கிறது. கருமையான சருமத்தில் நரம்பின் நிறமே சரியாகத் தெரியாது என்பதால் அது நமக்குப் பெரிதாக உதவாது. பதிலாக இதைச் செய்யலாம்.

முகத்தைக் கழுவி, மேக்கப் இல்லாமல், காலை வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் கண்ணாடியோடு உட்காருங்கள். டியூப்லைட் வேண்டாம். மொபைல் கேமராவும் வேண்டாம், பல போன்களில் பியூட்டி ஃபில்டர் தானாகவே முகத்தை வெளுப்பாக்கிவிடும்.

முதலில் ஒரு தூய வெள்ளைத் துணியை (வெள்ளை வேட்டி போதும்) கழுத்தை ஒட்டி வையுங்கள். அடுத்து சந்தன நிற, அல்லது பட்டு வேட்டி மாதிரி ஆஃப்-ஒயிட் துணியை வையுங்கள். சந்தன நிறத்தில் முகம் தெளிவாகத் தெரிந்தால் உங்களுடையது வார்ம் அடிநிறம். தூய வெள்ளையில் நன்றாக இருந்தால் கூல். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் நியூட்ரல்.

நகையும் உதவும். தங்கம் எடுப்பாக இருந்தால் வார்ம் பக்கம், வெள்ளி எடுப்பாக இருந்தால் கூல் பக்கம். அலமாரியைத் திறந்து, 'இந்த டிரெஸ்ல நல்லா இருக்க' என்று நாலு பேர் சொன்ன துணிகளைப் பாருங்கள். மஞ்சள், செங்கல் சிவப்பு, மெஹந்திப் பச்சை அதிகம் என்றால் வார்ம். ராயல் ப்ளூ, மெஜந்தா, ஊதா அதிகம் என்றால் கூல்.

இது ரத்தப் பரிசோதனை போலத் துல்லியமானது அல்ல, ஒரு வழிகாட்டி மட்டும்தான். இரண்டு மூன்று முறை பார்த்தும் ஒரே பதில் வந்தால் நம்பலாம்.

யாருக்கு எந்த ஷேட்?

தங்கச் சாயல் உள்ள மாநிறம்: கோல்டன் பிரவுன், செஸ்ட்நட். எண்ணில் 4.3, 5.3 பக்கம் பார்க்கலாம். வெயிலில் அச்சு வெல்லம் போல மின்னும். இந்த நிறக்காரர்களுக்குக் கேரமல் ஹைலைட்ஸும் நன்றாக எடுக்கும்.

செஞ்சாயல் உள்ள கருமை: டார்க் சாக்லேட், கோல்டு கலந்த சாக்லேட். முகத்திலேயே சிவப்பு இருப்பதால், முடியிலும் அடர் சிவப்பு போட்டால் முகம் எப்போதும் வெயிலில் அலைந்து வந்தது போலத் தெரியலாம். சிவப்பைவிடக் கோல்டு பாதுகாப்பான தேர்வு.

நீலச் சாயல் உள்ள அடர் கறுப்பு: மஹோகனி அருமையாகப் பொருந்தும். அதில் சிவப்போடு ஊதா லேசாகக் கலந்திருப்பதால் வார்மும் உண்டு, கூலும் உண்டு. எண்ணில் 3.5, 4.5. நிழலில் கறுப்பாகவும் வெளிச்சத்தில் புளியங்கொட்டை நிறமாகவும் தெரியும்.

நியூட்ரல்: கிட்டத்தட்ட எல்லா வார்ம் பிரவுனும் பொருந்தும். முதல் முறை என்றால் டார்க் சாக்லேட்டில் தொடங்கி, பிடித்திருந்தால் அடுத்த முறை செஸ்ட்நட்டுக்குப் போகலாம்.

காப்பர் பிடித்தவர்கள்: தங்க அடிநிறம் உள்ளவர்களுக்கு 4.4 போன்ற அடர் காப்பர் எடுக்கும். ஆனால் சிவப்பு, காப்பர் சாயல்கள் மற்ற பிரவுன்களைவிட வேகமாக மங்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வெளுப்பாகப் போகலாம்?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். ஒரு சின்ன விதியை நினைவில் வைத்தால் போதும். முழுத் தலைக்கும் போடும் கலர், முகத்தின் நிறத்தைவிட ஒரு படியாவது அடர்த்தியாக இருக்கட்டும். முடியும் முகமும் ஒரே அடர்த்தியில் வந்துவிட்டால், முகம் எங்கே முடிகிறது, முடி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் மொத்தமும் மங்கலாகத் தெரியும்.

முகத்தைவிட வெளுப்பான ஹனி, கேரமல் நிறங்கள் ஆசையாக இருந்தால் அவற்றை மெல்லிய இழைகளாக, ஹைலைட்ஸாக எடுக்கலாம். அடியில் கறுப்போ டார்க் பிரவுனோ இருக்கும்போது அந்த இழைகள் அழகாகத் தெரியும். முடி வளரும்போது வேரில் கறுப்புக் கோடும் அவ்வளவாகத் தெரியாது.

வேதியியலும் இதையே சொல்கிறது. நம் இயற்கை முடி பெரும்பாலும் லெவல் 1 அல்லது 2. வீட்டு பாக்ஸ்களில் பொதுவாக 6 சதவீத பெராக்சைடு, அதாவது 20 வால்யூம் டெவலப்பர் இருக்கும். அது ஒன்று முதல் இரண்டு லெவல்தான் தூக்கும். ஆக, லெவல் 2 முடியில் லெவல் 7 கேரமல் பாக்ஸைப் போட்டால் கேரமல் வராது. வேர்ப்பகுதியில் தலையின் சூடு சேர்வதால் அங்கே மட்டும் செம்மஞ்சளாகி, கீழே கறுப்பாகவே நிற்கும். வேர் ஆரஞ்சு ஆனதன் ரகசியம் இதுதான்.

பிளீச் இல்லாமல் போக வேண்டும் என்றால் லெவல் 3, 4, அதிகபட்சம் 5. அதற்கு மேல் போக பிளீச் தேவை. பிளீச்சை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். முடி உடைவது மட்டுமல்ல, உச்சந்தலைத் தோலே புண்ணாகலாம்.

இன்னொரு விஷயம். கறுப்பு முடியில் லெவல் 3, 4 போட்டால் டியூப்லைட்டில் பெரிய மாற்றம் தெரியாது. வெயிலில் நிற்கும்போதுதான் பிரவுன் தெரியும். அதைப் பார்த்து 'கலர் ஏறவே இல்ல' என்று அடுத்த நாளே மறுபடி போடாதீர்கள்.

ஏற்கெனவே கறுப்பு டை, மருதாணி போட்டிருந்தால்?

கறுப்பு டை அடித்த முடியில் பிரவுன் கலர் ஏறாது. ஒரு செயற்கைக் கலர் இன்னொரு செயற்கைக் கலரை வெளுக்காது. புதிதாக வளர்ந்த வேர் மட்டும் பிரவுனாகும், மீதி கறுப்பாகவே இருக்கும். பொறுமை இருந்தால் கறுப்பு டையை நிறுத்தி, முடியை வளரவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வரலாம். அவசரம் என்றால் பார்லரில் கலர் ரிமூவரோ பிளீச்சோதான் வழி.

சுத்தமான மருதாணி செம்மஞ்சள் நிறம் தரும். கறுப்பு முடியில் அது வெயிலில் மட்டும் லேசான செந்நிறமாகத் தெரியும், நரையில் பளீரென்று ஆரஞ்சாகும். மருதாணியோடு அவுரி இலைப் பொடி சேர்த்தால் பிரவுன் கிடைக்கும். ரசாயனம் வேண்டாம் என்பவர்களுக்கு இது நல்ல வழி.

ஆனால் கடையில் விற்கும் எல்லா ஹென்னா பொடியும் சுத்தமான மருதாணி இல்லை. சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். அந்த முடி மீது பெராக்சைடு பட்டால் சூடாகி முடி உடையக்கூடும். என்ன போட்டோம் என்று தெரியாதவர்கள், சீப்பில் உதிர்ந்த முடியைச் சேர்த்து அதில் முதலில் கலரைப் போட்டுப் பார்க்க வேண்டும். சூடானாலோ, நிறம் விபரீதமாக மாறினாலோ அந்த பாக்ஸைத் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஸ்மூத்னிங், ஸ்ட்ரெய்ட்னிங் செய்தவர்கள் குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி விட்டுக் கலர் செய்வது நல்லது.

நரை இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

நரை முடியில் மெலனின் இல்லை. அதனால் அங்கே கலர் மறைக்க எதுவுமில்லாமல் அப்படியே பளிச்சென்று தெரியும். கறுப்பு முடியில் மென்மையாகத் தெரியும் அதே காப்பர், நரையில் கண்ணைப் பறிக்கும் சிவப்பாகலாம். நரை கூடுதலாக இருந்தால், புள்ளிக்குப் பின் பூஜ்ஜியம் உள்ள அல்லது சாயல் எண்ணே இல்லாத அடிப்படை ஷேடு (உதாரணம் 4 அல்லது 4.0) அதில் கலந்திருக்க வேண்டும். பார்லரில் பாதிக்குப் பாதி கலப்பார்கள். வீட்டில் என்றால் அடிப்படை ஷேடு, அல்லது லேசான கோல்டு சாயல் உள்ள டார்க் பிரவுன் பாதுகாப்பு.

வருடக்கணக்கில் கறுப்பு டை அடிப்பவர்களுக்கும் பிரவுன் ஒரு நல்ல மாற்று. வேரில் நரை எட்டிப் பார்க்கும்போது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைவிட பிரவுனுக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் குறைவு. வகிட்டில் வெள்ளைக் கோடு அவ்வளவு உறுத்தாது.

அழகைவிட முக்கியம்: அந்த 48 மணி நேரம்

ஷேடு தவறினால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம். அலர்ஜி வந்தால் அப்படி இல்லை.

பெர்மனன்ட் ஹேர் கலர்கள் பலவற்றில் பாரா-பினைலீன்டையமின் என்ற ரசாயனம் இருக்கிறது. சுருக்கமாக பிபிடி. முடிக்கு நிலையான நிறம் தருவது இதுதான். சிலருக்குக் கடுமையான தோல் அலர்ஜி தருவதும் இதுதான். அமெரிக்கத் தொடு தோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2006-ம் ஆண்டின் 'ஆண்டின் அலர்ஜி பொருள்' என்று இதைத்தான் அறிவித்தது. அடர் கலர்களில் பொதுவாக இதன் அளவு கூடுதல், பிரவுனில் குறைவு. ஆனால் பிரவுனில் இல்லவே இல்லை என்று நினைக்கக் கூடாது.

அரிப்பு, சிவத்தல், கொப்புளம், நெற்றியிலும் காதோரமும் நீர் வடிதல், கண் இமை வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலும் போட்ட உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாட்களில் தலைகாட்டும்.

"பத்து வருஷமா டை அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்பது தவறான நம்பிக்கை. பல வருடம் ஒத்துக்கொண்ட உடம்பு திடீரென்று ஒருநாள் எதிர்க்கத் தொடங்கலாம். திருவிழாவில், கடைத்தெருவில் கையில் போடும் 'கறுப்பு மெஹந்தி'யில் சில நேரம் பிபிடி கலந்திருக்கும். அதில் ஒருமுறை அரிப்பு வந்திருந்தாலே ஹேர் கலர் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அதனால்தான், போடும் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே டெஸ்ட் செய்ய வேண்டும் என்ற எச்சரிக்கையை இந்திய விதிகள் லேபிளில் கட்டாயமாக்கியுள்ளன. செய்முறை இதுதான்:

1. காதின் பின்புறம் அல்லது முழங்கையின் உட்புறத்தைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கவும்.
2. பாக்ஸில் சொன்னபடி தயாரித்த கலவையில் சிறிது எடுத்து, ஒரு பொட்டு அளவு தடவிக் காயவிடவும்.
3. பாக்ஸில் குறிப்பிட்ட நேரம் காத்திருக்கவும். 24 மணி நேரம் என்று சொல்லும் லேபிள்களும் உண்டு. அலர்ஜி தாமதமாக வரக்கூடியது என்பதால் 48 மணி நேரம் பார்ப்பது பாதுகாப்பு.
4. அரிப்பு, எரிச்சல், சிவப்பு, வீக்கம் எதுவும் இல்லை என்றால் மட்டும் தலைக்குப் போடவும்.

மீதிக் கலவையை அடுத்த நாளைக்கு என்று மூடி வைக்காதீர்கள். வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். டெஸ்டுக்குத் தேவையான சில துளிகளை மட்டும் கலந்தால் போதும்.

புருவத்துக்கும் கண் இமைக்கும் ஹேர் கலர் போடவே கூடாது. பார்வை பறிபோகும் அபாயம் உண்டு என்று லேபிளிலேயே எச்சரிக்கை இருக்கும். தாடிக்குப் போடும் ஆண்களுக்கும் டெஸ்ட் கட்டாயம், முகத்தோல் இன்னும் மென்மையானது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேண்டாம். கர்ப்பிணிகள் முதல் 12 வாரங்கள் தள்ளிப்போட்டு, டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

கலர் போட்டுக்கொண்டிருக்கும்போதே எரிச்சல் தொடங்கினால், நேரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். முகம், உதடு, கண் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். டை பாக்கெட்டைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் தொண்டை வீங்கி, சிறுநீரகம் வரை பாதிக்கும்.

'அம்மோனியா இல்லை', 'ஹெர்பல்' என்றால் பாதுகாப்பா?

அம்மோனியா இல்லை என்றால் அந்த நெடி இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக வேறொரு காரப் பொருள் இருக்கும். பெராக்சைடும் பிபிடியும் அதிலும் இருக்கலாம்.

'ஹெர்பல்', 'நேச்சுரல்' என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருந்தாலும் பின்பக்கத்தில் உள்ள பொருள் பட்டியலைப் பாருங்கள். சுத்தமான மருதாணி பத்து நிமிஷத்தில் கறுப்போ டார்க் பிரவுனோ தராது. ஒரு 'ஹென்னா' பொடி அப்படித் தருகிறது என்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

கல்யாணம், விசேஷத்துக்கு எத்தனை நாள் முன்பு?

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது முதல் முறையாகக் கலர் செய்வது பெரிய ரிஸ்க். ஒன்று முதல் மூன்று நாட்களில் அலர்ஜி வரும் என்றால், முகம் வீங்குவது சரியாக மணமேடையில்தான் நடக்கும். இரண்டு வாரத்துக்கு முன்பே செய்துவிட்டால், ஷேடு பிடிக்கவில்லை என்றாலும் சரிசெய்ய நேரம் இருக்கும். கலரும் கொஞ்சம் அடங்கி இயல்பாகத் தெரியும். மல்லிகைச் சரம் வைத்துப் பார்த்தால் டார்க் சாக்லேட், மஹோகனி பின்னணியில் பூ தனி அழகாகத் தெரியும் என்பது கூடுதல் லாபம்.

பார்லரில் என்ன கேட்க வேண்டும்?

"பிரவுன் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. என் முடி இப்போ எந்த லெவல், நீங்க போடப்போறது எந்த எண்?
2. பிளீச் தேவைப்படுமா? எத்தனை வால்யூம் டெவலப்பர்?
3. ரெண்டு நாள் முன்னாடி வந்தா பேட்ச் டெஸ்ட் பண்ணுவீங்களா?
4. எத்தனை வாரத்துக்கு ஒருமுறை டச்-அப் வேணும், அதுக்கு எவ்வளவு ஆகும்?

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். முழுத் தலைக் கலர் என்றால் ஆறு வாரத்தில் வேர் தெரியத் தொடங்கும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஷேட் கார்டைக் கடைக்குள் இருக்கும் மஞ்சள் லைட்டில் பார்க்காமல், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் முகத்தருகே வைத்துப் பாருங்கள். முன்பு போட்ட டை, மருதாணி, ஸ்மூத்னிங் எதையும் மறைக்க வேண்டாம்.

கலர் நீடிக்க...

முதல் இரண்டு நாட்கள் தலைக்குக் குளிக்காமல் இருப்பது நல்லது. பிறகு தினமும் ஷாம்பூ போடாமல், சல்பேட் இல்லாத ஷாம்பூவை வாரம் இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். சூடான தண்ணீர் கலரை வேகமாக இறக்கும், வெதுவெதுப்பு போதும்.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் உப்பும் தாதுக்களும் படிந்து முடி வறண்டு, கலர் மங்கலாகத் தெரியும். கடைசி ஒரு மக் தண்ணீராவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுவது முடியின் புரத இழப்பைக் குறைக்கும். வெயிலில் பைக்கில் போகிறவர்கள் முடியைத் துப்பட்டாவாலோ ஸ்கார்ஃபாலோ மூடிக்கொண்டு, அதன் மேல் ஹெல்மெட் போட்டுக்கொள்ளலாம்.

சுருக்கமாக

கருமையான சருமத்துக்கு டார்க் சாக்லேட், செஸ்ட்நட், மஹோகனி, கோல்டன் பிரவுன் நல்ல தொடக்கம். தங்கச் சாயல் என்றால் கோல்டு, நீலச் சாயல் என்றால் மஹோகனி. பிளீச் இல்லாமல் லெவல் 3 முதல் 5 வரை. கேரமலும் ஹனியும் ஹைலைட்ஸாக மட்டும். பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 48 மணி நேர டெஸ்ட்.

பாக்ஸில் இருக்கும் மாடலின் நிறம் உங்கள் நிறம் இல்லை, அவர் முடி உங்கள் முடியும் இல்லை. அதனால் அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். பாக்ஸைத் திருப்பி எண்ணையும் எச்சரிக்கையையும் படித்தால் போதும், உங்களுக்கான பிரவுன் எது என்று நீங்களே சொல்லிவிடலாம்.